பிபிசி 2 அடையாளப்படங்கள்

பிபிசி 2 அடையாளப்படங்கள் என்பவை, ஐக்கிய இராச்சியத்தின் பொதுத்துறை ஒலி, ஒளிபரப்பு நிறுவனமான பிபிசியின் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசையில், இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே அலைவரிசையை அடையாளம் காட்டும் பொருட்டு ஒளிபரப்பப்படும் சில நொடி நீளமான படங்கள் ஆகும். 1964 ஆம் ஆண்டில் இவ்வலைவரிசை தொடங்கப்பட்டது முதல் பல தொகுதி அடையாளப்படங்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. இவற்றுள் 1991 ஆம் ஆண்டில் மார்ட்டின் லாம்பி-நேர்ன் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய, 2 என்ற எண்ணை மையமாகக் கொண்ட தொகுதி, தொலைக்காட்சி வரைகலை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. நிகழ்ச்சிகளை மாற்றாமல், அவற்றுக்கு இடையில் வரும் சில நொடிகளை மட்டும் மாற்றி, ஓர் அலைவரிசையைப் பற்றிய மக்களின் எண்ணத்தை மாற்ற முடியும் என்பதற்கு இத்தொகுதி எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

அடையாளப்படத்தின் பயன்

அடையாளப்படம் தொலைக்காட்சித் துறையில் ஐடென்ட் என வழங்கப்படுகிறது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னர் இது திரையில் தோன்றும். பார்வையாளர் எந்த அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தெரிவிப்பதே இதன் அடிப்படைப் பணியாகும். பிபிசியில் இப்படம் ஓடும்போது, அறிவிப்பாளர் ஒருவர் திரையில் தோன்றாமல், அடுத்து வரவிருக்கும் நிகழ்ச்சியைக் குரல் வழியாக அறிவிப்பது வழக்கம்.

பிபிசி ஐக்கிய இராச்சியத்தினுள் விளம்பரங்களை ஒளிபரப்புவதில்லை. மக்கள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணமே அதன் முதன்மை வருவாய் ஆகும். ஆகையால் வணிக அலைவரிசைகளில் விளம்பரங்கள் இடம்பெறும் இடைவெளியை, பிபிசியில் முன்னோட்டங்கள், அறிவிப்புகள், அடையாளப்படங்கள் ஆகியவையே நிரப்புகின்றன. இதனால் ஒரே அடையாளப்படம் ஒரு நாளில் பல தடவை ஒளிபரப்பாகிறது. ஒரு திரைப்படத்தையோ நாடகத்தையோ போன்று ஒருமுறை பார்த்து மறக்கப்படும் ஆக்கம் அன்று இது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவது. இது அடையாளப்படத்தை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் ஆகும். முதல் தடவை வியப்பளிக்கும் படம் நூறாவது தடவை சலிப்பூட்டக்கூடும்.

இன்னொரு தேவையும் உண்டு. அறிவிப்பாளரின் அறிவிப்பு சில வேளைகளில் சுருக்கமாகவும், சில வேளைகளில் நீண்டதாகவும் அமையும். நேரடி ஒளிபரப்புகள் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ முடியலாம். எனவே அடையாளப்படம், தேவைக்கேற்ப நீட்டவோ குறைக்கவோ கூடியதாக இருத்தல் வேண்டும். தெளிவான முடிவை நோக்கிச் செல்லும் கதை இதற்குப் பொருந்தாது. மெதுவாக நிகழும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறையாகத் தோன்றாத அசைவே இதற்கு ஏற்றது.

தலைப்புக் காட்சியுடன் ஒப்பீடு

அடையாளப்படமும் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வரும் தலைப்புக் காட்சியும் ஒன்றல்ல. தலைப்புக் காட்சி ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு உரியது. அந்நிகழ்ச்சியின் கதைக்களத்தையும் மனநிலையையும் அது முன்கூட்டியே உணர்த்துகிறது. எடுத்துக்காட்டாக, நவம்பர் 23, 1963 இல் பிபிசியில் தொடங்கிய டாக்டர் ஹூ என்னும் அறிவியல் புனைவுத் தொடருக்கு பெர்னார்ட் லாட்ஜ் தலைப்புக் காட்சியை வடிவமைத்தார். ஒரு தொலைக்காட்சிக் ஒளிப்படக்கருவியை, அதன் படத்தையே காட்டும் திரையை நோக்கித் திருப்பும்போது, எதிரெதிரே வைத்த கண்ணாடிகளில் போல உருவங்கள் முடிவின்றிப் பெருகும். இவ்வாறு எழும் ஒளிவடிவங்களே அக்காட்சியில் பயன்பட்டன. ரான் கிரைனர் எழுதிய இசையை, பிபிசியின் ஒலிப் பட்டறையில் டீலியா டெர்பிஷயர் மின்னணு ஒலிகளைக் கொண்டு உருவாக்கினார். காலத்தினூடே பயணம் செய்யும் நாயகனின் கதைக்கு இவை இரண்டும் பொருத்தமாக அமைந்தன.

அலைவரிசையின் அடையாளப்படத்துக்கு இத்தகைய வசதி இல்லை. அதற்கு முன்னர் நகைச்சுவைத் தொடர் இருக்கலாம். அதற்குப் பின்னர் போரைப் பற்றிய ஆவணப்படம் வரலாம். இரண்டுக்கும் நடுவில் நின்று, இரண்டுடனும் முரண்படாத தொனியை அது கொண்டிருக்க வேண்டும்.

தொடக்ககாலம்

பிபிசியின் முதல் அடையாளப்படம் டிசம்பர் 2, 1953 இல் ஒளிபரப்பாகியது. 1951 ஆம் ஆண்டின் பிரித்தானிய விழாவுக்குச் சின்னம் வரைந்த ஆப்ரம் கேம்ஸ் இதனை வடிவமைத்தார். கம்பிகளாலும் விளக்குகளாலும் அமைந்த ஒரு மாதிரியைப் படம்பிடித்து இது உருவாக்கப்பட்டது. அதன் தோற்றம் காரணமாக இதற்கு வௌவால் இறக்கை என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. படம்பிடிக்கப்பட்ட சிறிது நேரத்தில் அம்மாதிரி பழுதடைந்துவிட்டது. 1963 ஆம் ஆண்டில் சுழலும் பூகோள உருண்டை பிபிசி தொலைக்காட்சியின் அடையாளம் ஆனது. பிபிசியின் முதல் அலைவரிசை பல்வேறு வடிவங்களில் இவ்வுருண்டையை 2002 ஆம் ஆண்டு வரை பயன்படுத்தியது.

பிபிசி 2 ஏப்ரல் 20, 1964 இல் தொடங்கப்படுவதாக இருந்தது. அன்று மாலை இலண்டனின் பாட்டர்சீ மின்நிலையத்தில் ஏற்பட்ட தீயினால் மேற்கு இலண்டனில் மின்சாரம் தடைப்பட்டது. பிபிசியின் தொலைக்காட்சி நிலையமும் இருளில் மூழ்கியது. இதனால் திட்டமிட்ட தொடக்க நிகழ்ச்சிகள் அனைத்தும் கைவிடப்பட்டன. மறுநாள் முற்பகலில் ஒளிபரப்பான பிளே ஸ்கூல் என்னும் சிறுவர் நிகழ்ச்சியே இவ்வலைவரிசையில் முழுமையாக ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி ஆகும்.

புதிய அலைவரிசை 625 வரிகள் கொண்ட ஒளிபரப்பு முறையைப் பயன்படுத்தியது. முதல் அலைவரிசை அப்பொழுது 405 வரி முறையில் இருந்தது. பிபிசி 2 ஐப் பார்க்க விரும்புவோர் புதிய தொலைக்காட்சிப் பெட்டியும் புதிய அலைவாங்கியும் பெற வேண்டியிருந்தது. அதன் விளம்பரத்துக்காக ஒரு கங்காருவும் அதன் பையிலிருக்கும் குட்டியும் சின்னங்களாகப் பயன்படுத்தப்பட்டன. தாய்க்கு ஹலபலூ என்றும் குட்டிக்கு கஸ்டர்ட் என்றும் பெயர். தாய் வயிற்றுப் பையில் இருந்து எட்டிப் பார்க்கும் குட்டி, ஏற்கனவே இருந்த அலைவரிசையில் இருந்து பிறந்த இரண்டாவது அலைவரிசையைக் குறித்தது.

1967 ஆம் ஆண்டு சூலை 1 இல் விம்பிள்டன் டென்னிசுப் போட்டிகளுடன் பிபிசி 2 வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. எனினும் அக்காலத்தில் அடையாளச் சின்னங்கள் பெரும்பாலும் இயந்திர மாதிரிகளாகவே இருந்தன. தொலைக்காட்சி நிலையத்தின் ஓர் அறையில் கடிகாரம், பூகோள உருண்டை, எழுத்தட்டைகள் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். மோட்டார்களின் உதவியால் நகரும் ஒரு கறுப்பு வெள்ளைக் கருவி, தேவையான பொருளின் முன் சென்று நின்று அதனை நேரடியாகப் படம்பிடிக்கும். நோடி எனச் செல்லமாக அழைக்கப்பட்ட இக்கருவி அளிக்கும் படத்துக்கு மின்னணு முறையில் நிறம் ஊட்டப்பட்டது. அதாவது, அக்காலப் பார்வையாளர் திரையில் கண்ட சின்னம் அந்நேரத்தில் உண்மையாகவே ஓர் அறையில் சுழன்றுகொண்டிருந்தது.

1979 ஆம் ஆண்டில் பிபிசி 2 இன் இயந்திரச் சின்னத்துக்குப் பதிலாக, மின்னணுச் சுற்றுகளால் உருவாக்கப்பட்ட, இரட்டைக் கோடுகளால் அமைந்த 2 அறிமுகமானது. உலக அளவில் இவ்வகையில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது.

1986 ஆம் ஆண்டின் சின்னம்

மார்ச் 30, 1986 இல் எண்ணுக்குப் பதிலாக, இரண்டு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துகள் பிபிசி 2 இன் சின்னம் ஆயின. வெண்ணிறப் பின்னணியில் புடைத்துத் தோன்றும் எழுத்துகளில் சிறிதளவு நிறம் மட்டும் தெரியும். நேர்த்தியாக இருந்தபோதிலும் இச்சின்னம் அமைதியானதாகவும் விலகி நிற்பதாகவும் இருந்தது.

1987 முதல் 1993 வரை அலைவரிசையின் பொறுப்பாளராக இருந்த ஆலன் யென்டொப் காலத்தில், பிபிசி 2 துணிவான நாடகங்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் புதுவகை நகைச்சுவைக்கும் இடமளித்தது. ஆனால் பார்வையாளர் கருத்தாய்வுகளில், அலைவரிசை சலிப்பூட்டுவது, படித்தவர்களுக்கு மட்டும் உரியது, நல்லதெனினும் உற்சாகம் அற்றது என்பன போன்ற எண்ணங்கள் வெளிப்பட்டன. நிகழ்ச்சிகளின் தன்மைக்கும் அலைவரிசையைப் பற்றிய எண்ணத்துக்கும் இடையே இடைவெளி இருந்தது. அக்காலத்தில் போட்டியும் வளர்ந்து வந்தது. 1982 இல் சேனல் 4 தொடங்கியிருந்தது. 1989 இல் ஸ்கை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் பல அலைவரிசைகளை ஐக்கிய இராச்சியத்துக்கு வழங்கத் தொடங்கியது.

சேனல் 4 முன்னோடி

பிபிசி 2 இன் புதிய அடையாளத்தை உருவாக்கும் பணி ராபின்சன் லாம்பி-நேர்ன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிறுவனத்தை மார்ட்டின் லாம்பி-நேர்னும் காலின் ராபின்சனும் 1976 இல் தொடங்கினர். தம் பணிக்காலத்தின் தொடக்கத்தில் லாம்பி-நேர்ன் பிபிசியின் வரைகலைப் பிரிவில் பணியாற்றியவர் ஆவார்.

நவம்பர் 2, 1982 இல் சேனல் 4 தொடங்கியபோது அதன் அடையாளப்படத்தையும் இந்நிறுவனமே வடிவமைத்திருந்தது. பல நிறக் கட்டைகள் பறந்து வந்து ஒன்றுசேர்ந்து 4 என்னும் எண்ணாக அமைவது அதன் கரு. சேனல் 4 அப்பொழுது தானாக நிகழ்ச்சிகளைத் தயாரிக்காமல், பல தனித் தயாரிப்பாளர்களிடம் இருந்து பெற்று ஒளிபரப்பும் அலைவரிசையாக இருந்தது. பல துண்டுகள் சேர்ந்து ஒன்றாவது இதனைக் குறித்தது. இதற்குத் தேவையான கணினி வரைகலை வசதி அப்பொழுது பிரித்தானியாவில் இல்லாமையால், அசைபடம் அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உருவாக்கப்பட்டது. டேவிட் டன்டாஸ் அமைத்த நான்கு சுரங்கள் கொண்ட இசை இதனுடன் ஒலித்தது.

இப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதனைப் பின்பற்றி 1980களில் பல நாடுகளின் அலைவரிசைகள் தம் சின்னங்களைக் கணினியின் துணையுடன் பறக்கவும் சுழலவும் செய்தன. உலோகத்தைப் போல மின்னும் எழுத்துகள் இருண்ட வெளியில் இருந்து பறந்து வருவது வழமையாகியது. வியப்பளித்த உத்தி சில ஆண்டுகளிலேயே தேய்வழக்கு ஆனது. பிபிசி 2 இன் பணியை ஏற்றபோது, இந்தப் போக்கைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரே அதிலிருந்து விலக வேண்டிய நிலையில் இருந்தார்.

1991 ஆம் ஆண்டின் தொகுதி

புதிய அடையாளப்படங்கள் பெப்ரவரி 16, 1991 இல் ஒளிபரப்பாகத் தொடங்கின. பிபிசி 1 இன் புதிய பூகோள உருண்டையும் அதே நாளில் அறிமுகமானது. அதையும் லாம்பி-நேர்ன் நிறுவனமே வடிவமைத்திருந்தது.

பிபிசி 2 இன் தொகுதியில் மூன்று முடிவுகள் முக்கியமானவை. முதலாவது, சொல்லை நீக்கிவிட்டு 2 என்னும் எண்ணை மீண்டும் கொண்டுவந்தமை ஆகும். கில் சான்ஸ் எழுத்துருவின் அடிப்படையில் அமைந்த தடித்த 2 எல்லாப் படங்களிலும் ஒரே உருவத்தில் தோன்றியது. இரண்டாவது, ஒரே படத்துக்குப் பதிலாகப் பல படங்களைக் கொண்ட தொகுதியை உருவாக்கியமை ஆகும். உருவமும் நிறமும் மாறாமல், அந்த எண் எதனால் ஆனது, அதற்கு என்ன நிகழ்கிறது என்பவை மட்டும் படத்துக்குப் படம் மாறின. மூன்றாவது, கணினி வரைகலையைத் தவிர்த்து, உண்மையான பொருட்களால் செய்த மாதிரிகளைப் படம்பிடித்தமை ஆகும். இப்படங்களை டேனியல் பார்பர் இயக்கினார்.

தொகுதி முழுவதற்கும் பொதுவான நிறமாக விரிடியன் எனப்படும் நீலம் கலந்த பச்சை தெரிவுசெய்யப்பட்டது. அந்தோனி சாட்லர், கேனர் சாட்லர் ஆகியோர் அமைத்த இசை, மெல்லியதாகவும் சற்று மர்மமானதாகவும் இருந்தது. அக்காலத்து அலைவரிசைகள் பல பயன்படுத்திய எக்காள ஒலிகளுக்கு நேர்மாறாக இது அமைந்தது.

இத்தொகுதியைச் சேர்ந்த சில படங்கள் பின்வருமாறு:

- வண்ணச்சாந்து: வெண்ணிற 2 இன் மீது விரிடியன் நிறச் சாந்து வீசப்பட்டுத் தெறிக்கும்.
- கத்தி: கூரிய விளிம்புடைய உலோக 2 மேலிருந்து விழுந்து தரையில் குத்தி நிற்கும்.
- பட்டு: காற்றில் அலையும் பட்டுத்துணியின் அடியில் 2 இன் உருவம் தெரியும்.
- தூள்: தூள் பரப்பிய தளத்தில் 2 விழ, தூள் மேகமாக எழும்பும்.
- நியான்: நியான் விளக்குகளால் 2 ஒளிரும்.

தொகுதி அறிமுகமான பின்னரும் புதிய படங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. காலப்போக்கில் 2 வெறும் பொருளாக இல்லாமல் குணமுள்ள பாத்திரமாக மாறியது. 1993 இல் சேர்க்கப்பட்ட ஒரு படத்தில் மென்மயிர் பொம்மை நாயாகத் தோன்றும் 2 பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்தது. மற்றொன்றில் தொலைவிலிருந்து இயக்கப்படும் விளையாட்டு மகிழுந்தாக விரைந்தது. இன்னொன்றில் குளியல் தொட்டியில் மிதக்கும் இரப்பர் வாத்தாக இருந்தது. கிறிஸ்துமசுக் காலத்துக்கும், ஒரே பொருளைப் பற்றிய சிறப்பு நிகழ்ச்சி வரிசைகளுக்கும் தனியான படங்கள் உருவாக்கப்பட்டன.

பார்வையாளர் கருத்தில் மாற்றம்

புதிய படங்கள் ஒளிபரப்பாகிய பின்னர் நடத்தப்பட்ட பார்வையாளர் கருத்தாய்வுகளில், பிபிசி 2 ஐப் பற்றிய எண்ணம் குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தது. முன்னர் சலிப்பூட்டுவது எனக் கூறப்பட்ட அலைவரிசை, நகைச்சுவை உணர்வுள்ளது, நாகரிகமானது, புதுமையானது என விவரிக்கப்பட்டது. நிகழ்ச்சிகளின் வகையிலோ எண்ணிக்கையிலோ இதற்கு இணையான மாற்றம் எதுவும் அக்காலத்தில் நிகழவில்லை. லாம்பி-நேர்ன் 1997 இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வனுபவத்தை விரிவாக விளக்கியுள்ளார். தொலைக்காட்சித் துறையினரிடையே அடையாளப்படத்தின் மதிப்பு உயர்வதற்கு இம்முடிவு முக்கிய காரணமாக அமைந்தது. அதுவரை அலங்காரமாகவும் அறிவிப்புப் பலகையாகவும் கருதப்பட்ட ஒன்று, அலைவரிசையின் கொள்கையைச் சார்ந்த விடயமாகக் கருதப்படலாயிற்று.

இம்மாற்றத்தைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம். அடையாளப்படம் நிகழ்ச்சியின் தரத்தை உயர்த்துவதில்லை. ஆனால் நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்னர் பார்வையாளரின் மனநிலையை அது அமைக்கிறது. கல்விமான் ஒருவர் கடுமையான முகத்துடன் அறிமுகப்படுத்தும் உரையும், அதே உரையை அவர் புன்னகையுடன் அறிமுகப்படுத்துவதும் கேட்போரிடம் வேறு வேறு எதிர்பார்ப்புகளைத் தோற்றுவிக்கும். குட்டிக்கரணம் அடிக்கும் 2 ஐத் தொடர்ந்து வரும் ஆவணப்படம், தன்னை நகைச்சுவையாகவும் நோக்கத் தெரிந்த ஒருவர் அளிக்கும் ஆவணப்படமாக ஏற்கப்பட்டது.

எனினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. பிபிசி 2 இல் துணிவும் நகைச்சுவையும் உடைய நிகழ்ச்சிகள் ஏற்கனவே இருந்தன. புதிய படங்கள், இருந்த தன்மையை வெளிப்படுத்தினவேயன்றி, இல்லாத தன்மையைப் படைக்கவில்லை. நிகழ்ச்சிகள் உண்மையிலேயே சலிப்பூட்டுவனவாக இருந்திருப்பின், விளையாட்டுத்தனமான அடையாளப்படம் சிறிது காலத்தில் பொருந்தாத முகமூடியாகத் தோன்றியிருக்கும். அத்துடன், கருத்தாய்வுகள் மக்களின் எண்ணத்தை அளந்தன. எண்ணம் மாறுவதும் பார்ப்போர் தொகை கூடுவதும் ஒன்றல்ல.

நீண்டகாலம் நிலைத்தமைக்கான காரணங்கள்

1991 ஆம் ஆண்டின் தொகுதி பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டது. நாள்தோறும் காட்டப்படும் ஒரு படத்துக்கு இது நீண்ட காலம் ஆகும். இதற்குப் பின்வரும் பண்புகள் உதவின.

மாறாத உருவமும் மாறும் நிகழ்வும் இணைந்தமை முதற் பண்பாகும். 2 ஐக் கண்டவுடன் அலைவரிசை எது என்பது தெரிந்துவிடும். ஆயினும் இம்முறை அதற்கு என்ன நிகழும் என்னும் ஆவல் எஞ்சியிருக்கும். அறிமுகமும் எதிர்பார்ப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருந்தன. அடுத்த நிகழ்ச்சியின் தொனிக்கு ஏற்பப் படத்தைத் தெரிவுசெய்யவும் இது வழிவகுத்தது. துயரமான ஆவணப்படத்துக்கு முன்னர் பட்டு பொருந்தும். பொம்மை நாய் பொருந்தாது.

உண்மையான பொருட்களைப் பயன்படுத்தியமை இரண்டாவது பண்பாகும். கணினி வரைகலையின் தோற்றம் தொழில்நுட்ப வளர்ச்சியுடன் விரைவாகப் பழமையடைகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய கணினிப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் கண்டவுடனே கூறிவிடலாம். பட்டும் தூளும் சாந்தும் எக்காலத்துக்கும் உரியவை. தூள் எழும்பும் விதம் ஒவ்வொரு நொடியும் சிறிது வேறுபடுவதால், பலமுறை பார்த்தாலும் கண் காண்பதற்குப் புதிதாக ஏதேனும் இருந்தது.

மெதுவான அசைவு மூன்றாவது பண்பாகும். அறிவிப்பாளரின் குரலுக்கு இடம்விட்டு, அதனுடன் போட்டியிடாமல் படம் நிகழ்ந்தது.

விமரிசனங்கள்

அலைவரிசைகளின் தோற்றத்துக்காகச் செலவிடுவது பற்றிப் பிபிசி பலமுறை விமரிசிக்கப்பட்டுள்ளது. உரிமக் கட்டணத்தில் இயங்கும் நிறுவனம், வணிக நிறுவனங்களைப் போன்று தன்னை விளம்பரப்படுத்திக் கொள்ளத் தேவையில்லை என்றும், அப்பணத்தை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் வாதிடப்பட்டது. அக்டோபர் 1997 இல் பிபிசி தனது நிறுவனச் சின்னத்தை மாற்றியபோது இவ்வாதம் வலுவாக எழுந்தது. அதுவரை சாய்ந்திருந்த மூன்று கட்டங்கள் அப்பொழுது நேராக்கப்பட்டன. இம்மாற்றத்தையும் லாம்பி-நேர்ன் நிறுவனமே மேற்கொண்டது. சாய்ந்த கோடுகள் திரையில் படிக்கட்டுகள் போன்று உடைந்து தோன்றுவதை நேரான வடிவம் தவிர்த்தது.

இதற்கு மறுப்பாக, நிகழ்ச்சி எந்த அலைவரிசையில் இருந்து வருகிறது என்பதை மக்கள் அறியாவிடில், தாம் செலுத்தும் கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் அவர்கள் அறியார் எனக் கூறப்பட்டது. நான்கு அலைவரிசைகளே இருந்த காலத்தில் இவ்வாதத்துக்கு வலு குறைவு. செயற்கைக்கோள் வழியாகவும், 1998 முதல் எண்ணிம முறையிலும் பல அலைவரிசைகள் வீடுகளை எட்டிய பின்னர், தனித்துத் தெரிய வேண்டிய தேவை பொதுத்துறை நிறுவனங்களுக்கும் ஏற்பட்டது.

பின்னைய தொகுதிகள்

நவம்பர் 19, 2001 இல் புதிய தொகுதி அறிமுகமானது. மஞ்சள் பின்னணியில் வெண்ணிற 2 தோன்றும் இப்படங்கள் கணினியில் உருவாக்கப்பட்டவை. முந்தைய தொகுதியில் இருந்த எண்ணின் குணம் இதிலும் தொடர்ந்தது. எனினும் பட்டு, தூள், சாந்து போன்ற பொருட்களின் தன்மை இதில் இல்லை. பெப்ரவரி 18, 2007 இல் அடுத்த தொகுதி வந்தது. இதில் 2 ஒரு சாளரமாக அமைந்து, அதனூடே உலகின் காட்சிகள் தெரிந்தன.

2014 ஆம் ஆண்டில் பிபிசி 2 தனது ஐம்பதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. இதனை ஒட்டி, 1991 முதல் 2001 வரை பயன்பட்ட படங்கள் மீண்டும் ஒளிபரப்பப்பட்டன. தற்காலிகமாக மீண்டு வந்த அவை, பின்னர் அலைவரிசையின் வழக்கமான அடையாளப்படங்களாகவே தொடர்ந்தன. ஓர் அலைவரிசை தான் கைவிட்ட பழைய அடையாளத்தை நினைவுகூர்வதற்காக அன்றி, அன்றாடப் பயன்பாட்டுக்காகத் திரும்ப ஏற்பது அரிது. அவற்றைச் சிறுவர்களாகப் பார்த்தவர்கள் அப்பொழுது பெரியவர்களாகி இருந்தனர்.

இவை செப்டம்பர் 27, 2018 வரை பயன்பட்டன. அன்று அறிமுகமான தொகுதி, 2 என்னும் எண்ணின் மேல்வளைவை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. வெவ்வேறு அசைபடக் கலைஞர்கள் வெவ்வேறு பொருட்களையும் பாணிகளையும் கொண்டு அவ்வளைவை அமைத்தனர். ஒரே உருவம், பல பொருட்கள் என்னும் 1991 ஆம் ஆண்டின் கருத்து இதிலும் தொடர்வதைக் காணலாம். மார்ட்டின் லாம்பி-நேர்ன் டிசம்பர் 25, 2020 இல் காலமானார்.

இணையவழிப் பார்வையில்

டிசம்பர் 2007 இல் பிபிசி தனது ஐபிளேயர் சேவையை முறையாகத் தொடங்கியது. இத்தகைய சேவைகளில் பார்வையாளர் தாம் விரும்பும் நிகழ்ச்சியை நேரடியாகத் தெரிவு செய்கின்றார். ஒரு நிகழ்ச்சியில் இருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடைவெளியும், அதில் பேசும் அறிவிப்பாளரும், அடையாளப்படமும் அங்கு இடம்பெறுவதில்லை. நிகழ்ச்சியின் தலைப்புக் காட்சியைத் தாண்டிச் செல்லும் வசதியையும் பல இணையச் சேவைகள் வழங்குகின்றன.

இதனால் அடையாளப்படத்தின் பழைய பணி சுருங்கியுள்ளது. அலைவரிசை எது என்பதைத் திரையில் உள்ள பட்டியலே தெரிவித்துவிடுகிறது. ஆனால் 1991 ஆம் ஆண்டின் அனுபவம் சுட்டிய இரண்டாவது பணிக்கு, அதாவது நிகழ்ச்சியைக் காண்பதற்கு முன்னர் பார்வையாளரின் மனத்தை ஆயத்தப்படுத்துவதற்கு, பட்டியல் ஈடாகாது. நேரலையிலும், குறித்த நேரத்தில் அனைவரும் ஒருங்கே பார்க்கும் ஒளிபரப்புகளிலும் அடையாளப்படங்கள் இப்பணியைத் தொடர்ந்து செய்துவருகின்றன.